மாசம் 129 ரூபாய் ஹோஸ்டிங்: மூன்று வருஷம் ஓட்டிப் பார்த்ததில்

கோவில்பட்டியில் நானும் மச்சானும் சேர்ந்து சின்னக் கடைகளுக்கு வெப்சைட் செய்து கொடுக்கிறோம். கடலை மிட்டாய்க் கடை, ஜவுளிக் கடை, ஒரு டியூஷன் சென்டர் என்று ஏழு சைட்களை மூன்று வருஷம் ஒரே ஷேர்டு ஹோஸ்டிங் கணக்கில், அதாவது ஒரு சர்வரைப் பல வாடிக்கையாளர்கள் பங்கு போட்டுக்கொள்ளும் வாடகை இடத்தில், வைத்திருந்தோம். நிறுவனத்தின் பெயரை எழுதப் போவதில்லை. இதே விலை, இதே விளம்பரத்தோடு இன்னும் பல பேர் இருக்கிறார்கள்.

முதலில் பணக்கணக்கு. விளம்பரத்தில் மாசம் 129 ரூபாய். அந்த விலை வேண்டுமென்றால் 36 மாதத்துக்கு மொத்தமாகக் கட்ட வேண்டும். 4,644 ரூபாய், அதன்மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி, ஆக 5,480. சரி, மலிவுதான். மூன்று வருஷம் முடிந்ததும் ரினியூவல் மெயில் வந்தது: மாசம் 399. வரியோடு ஒரு வருஷத்துக்கு 5,650. மூன்று வருஷத்துக்குக் கட்டியதைவிட ஒரு வருஷத்துக்கு அதிகம்! ஏமாற்று என்று சொல்ல முடியாது. வாங்கும்போதே விலைக்குக் கீழே பொடி எழுத்தில் இருந்தது, நாங்கள்தான் படிக்கவில்லை. இன்னொன்று, ஜிஎஸ்டி பதிவு இருந்தால் பணம் கட்டும் முன்பே உங்கள் எண்ணைக் கணக்கில் ஏற்றிவிடுங்கள். எங்கள் முதல் பில்லில் எண் இல்லாததால் உள்ளீட்டு வரியை எடுக்க முடியவில்லை.

சாதாரண நாட்களில் குறை சொல்ல ஒன்றுமில்லை. சர்வர் மும்பையில் என்பதால் பக்கம் சட்டென்று வரும். சைட்டுக்குப் பூட்டு அடையாளம் (https) தரும் லெட்ஸ் என்க்ரிப்ட் சான்றிதழ் இலவசம், தானாகவே புதுப்பித்துக்கொண்டது. ஹோஸ்டிங்கை நிர்வகிக்கும் சி-பேனல் திரை பழைய முகம்தான், ஆனால் எது எங்கே என்று கை அறியும். நள்ளிரவில் சாட்டில் கேட்டாலும் ஆள் பதில் சொன்னார். அதே பதிலை நான்கு தடவை சொன்னார் என்பது வேறு விஷயம்.

கதை தீபாவளிக்கு ஒன்பது நாள் இருக்கும்போது மாறியது. மிட்டாய்க் கடை அண்ணாச்சி அன்று காலையில் வாட்ஸ்அப்பில் சலுகையைப் பரப்பியிருக்கிறார். பதினொரு மணிக்கு அவரிடமிருந்து போன்: "தம்பி, கடையத் தொறந்து வச்சிட்டு ஷட்டர இறக்கி வச்சிருக்கீங்களே!" சைட்டைத் திறந்து பார்த்தால் 508 என்ற பிழை எண், ரிசோர்ஸ் லிமிட் தீர்ந்துவிட்டது என்று ஒரு வெள்ளைப் பக்கம். மிட்டாய்க் கடை மட்டுமில்லை, ஏழு சைட்டும் படுத்துவிட்டன.

'அன்லிமிடெட்' என்பது இடத்துக்கும் டேட்டாவுக்கும்தான். ஒரே நேரத்தில் எத்தனை கோரிக்கைகள் உள்ளே நுழையலாம் என்பதற்கு ஒரு எண் உண்டு. எங்கள் பிளானில் அது 20. கணக்கு ஒன்று என்பதால் ஏழு சைட்டுக்கும் சேர்த்தே அந்த 20. வூகாமர்ஸ் (வேர்ட்பிரஸில் ஆன்லைன் கடை நடத்தும் மென்பொருள்) கடையில் கார்ட், செக்அவுட் பக்கங்களை கேஷ் செய்யக் கூடாது, அதாவது ஒரு தடவை தயாரித்த பக்கத்தைச் சேமித்து எல்லோருக்கும் அதையே காட்டக் கூடாது. ஒருவர் கார்ட்டில் இருப்பது இன்னொருவருக்குத் தெரிந்துவிடும். அதனால் அங்கே போகும் ஒவ்வொருவரும் சர்வரை நேராகத் தட்டுகிறார்கள். போதாக்குறைக்கு, சைட்டை ஓட்டும் வேர்ட்பிரஸ் மென்பொருளின் உள் கிரான் (குறித்த நேரத்து வேலைகளைச் செய்யும் பகுதி) வேறு, ஆட்கள் வரும்போதெல்லாம் வேலை இருக்கிறதா என்று எழுந்து பார்க்கும். அதை நிறுத்திவிட்டு சி-பேனலில் 15 நிமிடத்துக்கு ஒரு கிரான் வைத்தோம். முகப்பையும் மிட்டாய்ப் பக்கங்களையும் கேஷில் போட்டோம். சாயங்காலத்துக்குள் மூச்சு வந்தது. அதற்குள் எத்தனை ஆர்டர் போனதோ, அண்ணாச்சி சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

இதை சப்போர்ட்டில் கேட்டபோது வந்த பதில் ஒன்றுதான்: பெரிய பிளானுக்கு மாறுங்கள். எந்த சைட் எவ்வளவு இழுக்கிறது என்று காட்டச் சொன்னேன். அது எங்கள் வேலை இல்லை என்றார்கள்.

இன்னொரு மறைமுக எல்லை, ஃபைல் எண்ணிக்கை. எங்களுக்கு இரண்டு லட்சம். நிறைய இருப்பது போலத் தெரியும். ஆனால் வேர்ட்பிரஸில் ஒரு போட்டோ ஏற்றினால் அதுவே அளவு அளவாக வெட்டி எட்டு, பத்து பிரதிகள் செய்துவைக்கும். ஜவுளிக் கடைக்காரர் ஒவ்வொரு சேலைக்கும் ஆறு படம் போடுகிறவர். எண்ணிக்கை எல்லையைத் தாண்டியதும் அவர்களுடைய இலவச பேக்கப் சத்தமில்லாமல் நின்றுபோயிருந்தது. மெயில்கூட வரவில்லை. நல்லவேளை, அப்டிராஃப்ட்பிளஸ் என்ற பேக்கப் பிளகின் போட்டு வாராவாரம் கூகுள் டிரைவுக்கு ஒரு பிரதி அனுப்பிக்கொண்டிருந்தோம். சர்வர் இருக்கும் அதே இடத்தில் இருப்பதை நான் இப்போது பேக்கப் என்றே எண்ணுவதில்லை.

நாங்கள் யோசிக்காமலே சரியாகச் செய்த ஒரு காரியம், டொமைன்களை (சைட்டின் முகவரிப் பெயர்களை) வேறு நிறுவனத்தில், அந்தந்தக் கடைக்காரர் பெயரிலும் மெயிலிலும் வாங்கியது. இலவச டொமைன் தருகிறோம் என்று ஹோஸ்டிங்காரர்கள் ஆசை காட்டினார்கள். மச்சான்தான் வேண்டாம் என்றான். அதனால் மிட்டாய்க் கடையை வெளியே எடுத்தபோது யாரிடமும் கெஞ்ச வேண்டியிருக்கவில்லை. முந்தின நாளே டிஎன்எஸ் டிடிஎல்லை, அதாவது டொமைன் எந்த சர்வரைக் காட்டுகிறது என்ற தகவலை மற்றவர்கள் நினைவில் வைத்திருக்கும் நேரத்தை, 300 நொடியாகக் குறைத்தோம். பொங்கல் கழிந்த ஒரு செவ்வாய் இரவு பதினொன்றுக்கு ஆர்டரை நிறுத்தி, கடையைப் புது சர்வருக்கு ஏற்றி, டொமைனைப் புது சர்வருக்குத் திருப்பும் ஏ ரெக்கார்டை மாற்றினோம். பன்னிரண்டரைக்குப் புது இடத்தில் சோதனை ஆர்டர் விழுந்தது. ஒன்றை மட்டும் மறந்தோம்: டொமைன் பெயரில் எந்த சர்வர்கள் மெயில் அனுப்பலாம் என்று சொல்லும் எஸ்பிஎஃப் ரெக்கார்டில் புது சர்வரைச் சேர்க்கவில்லை. இரண்டு நாள் ஆர்டர் மெயில்கள் எல்லாம் ஸ்பேமுக்குப் போயின.

மிட்டாய்க் கடை இப்போது தனி விபிஎஸ்ஸில் (தனக்கென்று ஒதுக்கிய பங்குள்ள மெய்நிகர் சர்வரில்), மாசம் 700 சொச்சம். அண்ணாச்சியிடம் அதைச் சொல்லி வாங்க இரண்டு டீ செலவானது. ஜவுளிக் கடைக்குத் தனிக் கணக்கு.

மிச்ச ஐந்தையும் பழைய இடத்திலேயே ரினியூ செய்திருக்கிறேன். டியூஷன் சென்டருக்கு ஒரு நாளில் 30 பேர் வந்தால் அதிகம், அதற்கு இது தாராளம். ஐந்துக்கு மூன்று நட்சத்திரம். பேக்கப் நின்றதை ஒரு மெயிலில் சொல்லியிருந்தால் மூன்றரை கொடுத்திருப்பேன்.