கடைமடையில் ஓர் இயந்திர வாடகை மையம்: மூன்று சம்பாப் பருவ அனுபவம்

திருத்துறைப்பூண்டிக்குத் தெற்கே, காவிரிப் பாசன வாய்க்கால்களின் கடைசி முனையான கடைமடையில் இருக்கும் எங்கள் ஊரில், உழவர் உற்பத்தியாளர் குழு ஒன்று நடத்திவரும் இயந்திர வாடகை மையத்தை மூன்று சம்பாப் பருவங்களாகப் பயன்படுத்திவருகிறேன். நான் தஞ்சாவூரில் வேலை பார்க்கிறேன். என் தாயார் ஊரில் தனியாக இருக்கிறார். அவர் பெயரிலுள்ள ஏழு மா நிலத்தின் சேற்றுழவையும் மருந்து தெளிப்பையும் இவர்களிடமே விட்டிருக்கிறோம். (மூன்று மா சேர்ந்தால் ஏறக்குறைய ஓர் ஏக்கர்.) குறைகளையும் எழுத வேண்டியிருப்பதால் ஊர்ப் பெயரையும் குழுவின் பெயரையும் தவிர்த்திருக்கிறேன்.

2017-18ஆம் ஆண்டில் தமிழக அரசு தொடங்கிய கூட்டுப் பண்ணையத் திட்டத்தில் உருவான குழு இது. சிறு, குறு விவசாயிகள் 20 பேர் சேர்ந்து ஓர் ஆர்வலர் குழு. அப்படி ஐந்து குழுக்கள் சேர்ந்து 100 பேர் கொண்ட உற்பத்தியாளர் குழு. அதற்குப் பண்ணை இயந்திரங்கள் வாங்க 5 லட்சம் ரூபாய் தொகுப்பு நிதி. எங்கள் குழு அந்தப் பணத்தில் ஒரு பவர் டில்லர் (கைப்பிடியைப் பிடித்து ஓட்டும் சிறிய உழவு இயந்திரம்), பின்னால் நடந்தே இயக்கும் நடவு இயந்திரம் ஒன்று, சில தெளிப்பான்கள் ஆகியவற்றை வாங்கியது. தேர்வில் பழுதில்லை. எங்கள் வயல்கள் சிறியவை, வண்டிப்பாதை இல்லாதவை. பெரிய டிராக்டர் இறங்க வேண்டுமென்றால் அடுத்தவர் நாற்றங்காலை மிதித்துத்தான் வர வேண்டும்.

மையத்தின் உண்மையான பலம் டில்லர் அல்ல, அதை ஓட்டிவரும் மனிதர். திட்டத்தின்படி இயந்திரத்தை வாடகைக்குக் கொடுத்தால் போதும். எடுத்துச் செல்பவர் தாமே ஓட்டிக்கொள்ள வேண்டும். ஆனால் எங்கள் தெருவில் டில்லர் பிடிக்கக்கூடிய வயதில் இருந்தவர்கள் திருப்பூரிலோ சென்னையிலோ சிங்கப்பூரிலோ இருக்கிறார்கள். முதல் பருவத்தில் கொட்டகையை விட்டு வெளியே வராத இயந்திரத்துக்கு, அறுபதை நெருங்கும் உறுப்பினர் ஒருவரை ஓட்டுநராக அமர்த்தி, வாடகையில் ஒரு பங்கை அவருக்குக் கொடுக்கும் ஏற்பாட்டைக் குழுவினரே செய்துகொண்டார்கள். அவர் யார் முதலில் கேட்டார்கள் என்று பார்ப்பதில்லை. வாய்க்கால் தலைப்பிலிருந்து வால் வரை மடை வரிசையில் உழுது வருகிறார். அதனால் டில்லர் ஊரைச் சுற்றி அலைவதில்லை, டீசலும் மிச்சம். சென்ற ஆண்டு எங்கள் வயலில் இறங்கியதும் வண்டியை நிறுத்திவிட்டு, கணுக்காலளவு தண்ணீரைக் காட்டி, "அம்மா, இவ்வளவு தண்ணி வேண்டாம், கொஞ்சம் வடிச்சுவிட்டுட்டு ஓட்டுறேன்" என்றார். பிறகு தாமே மண்வெட்டி எடுத்து மடையை வெட்டிவிட்டு, தண்ணீர் வடியும்வரை வரப்பில் உட்கார்ந்திருந்தார். அந்த நேரத்தைக் கணக்கில் சேர்க்கவில்லை. வெளியிலிருந்து வரும் வண்டி மணிக்கணக்குக்கு ஓடுவது. இந்தப் பொறுமையை அங்கே எதிர்பார்க்க முடியாது.

நடவு இயந்திரத்தைப் பற்றி இதே மனநிறைவோடு எழுத முடியவில்லை. நடவுக்கு ஆள் கிடைக்காத ஊருக்கு அதுவே மருந்து என்று சொல்லித்தான் வாங்கினார்கள். ஆனால் அதற்குப் பாய் நாற்றங்கால் வேண்டும்: பிளாஸ்டிக் விரிப்பில் சலித்த மண்ணைப் பரப்பி, முளைகட்டிய விதையைத் தூவி, காலையும் மாலையும் பூவாளியால் தண்ணீர் தெளித்து, பதினைந்து பதினெட்டு நாளில் நாற்றைப் பாய்போலச் சுருட்டி எடுக்க வேண்டும். நட ஆளில்லை என்பதற்காக வந்த இயந்திரம், நடுவதற்கு முன் இரண்டு வாரம் குனிந்து நிமிர்ந்து வேலை செய்ய ஓர் ஆளைக் கேட்கிறது. எழுபது வயதைத் தாண்டிய என் தாயாரால் அது முடியாது. முதல் ஆண்டு முயன்றதில் நாற்று சீராக முளைக்காமல், இயந்திரம் விட்டுப்போன இடங்களில் கையால் ஊன்ற ஆள் தேடி அலைந்தோம். மறு ஆண்டே நேரடி விதைப்புக்கு மாறிவிட்டோம். ஊரில் பலரும் அப்படித்தான். நடவு இயந்திரம் இப்போது சாக்குப் போர்த்திக் கொட்டகையில் நிற்கிறது. குழுவே ஓர் இடத்தில் பொதுவாக நாற்றுப்பாய் வளர்த்து விற்றால் அது மறுபடி வயலுக்கு வரும் என்பது என் எண்ணம்.

நிர்வாகத்திலும் இதே சிக்கல். பதிவேட்டில் இருக்கும் நூறு பேரில் சிலர் காலமாகிவிட்டார்கள். சிலர் நிலத்தைக் குத்தகைக்கு விட்டு மகன் வீட்டுக்குப் போய்விட்டார்கள். டில்லரின் கியர் பெட்டியைப் பழுதுபார்க்கத் தீர்மானம் போடுவதற்குக் கூட்டத்துக்கு ஆள் சேராமல், சென்ற புரட்டாசியில் இரண்டு வாரம் வீணாயிற்று. தொகுப்பு நிதி இயந்திரம் வாங்குவதற்கென்று வந்தது; அதை ஓட்டுபவருக்கான கூலியோ, அடுத்தவருக்கான பயிற்சியோ அந்தக் கணக்கில் இல்லை. நூறு விவசாயிகளும் ஊரிலேயே இருப்பார்கள், இருப்பவர்கள் உடல் வலுவோடு இருப்பார்கள் என்று நம்பி வகுத்த ஏற்பாடு இது. ஊர் சுருங்கும்போது பக்கத்து ஊர்க் குழுக்களை இணைத்துக்கொள்ளவும், இறந்தவர் பெயரை எளிதாக நீக்கவும், நிதியில் ஒரு பகுதியை ஓட்டுநருக்குத் திருப்பவும் வழி இருக்க வேண்டும். பக்கத்து ஊரில் டில்லர் சும்மா நிற்கிறது, ஓட்ட ஆளில்லை. எங்கள் ஓட்டுநர் அங்கே போய் ஓட்டினால் எந்தப் பதிவேட்டில் எழுதுவது என்று எங்கள் செயலாளர் கேட்கிறார்.

வாடகை, வெளி வண்டிக்காரர்கள் கேட்பதைவிடக் குறைவு. ரசீது கையெழுத்தில் தருகிறார்கள். அறுவடைக்கு மட்டும் இவர்களை நம்ப வேண்டாம், சேற்றில் இறங்கி அறுக்கும் பெல்ட் வண்டி இவர்களிடம் இல்லை. அதற்கு வழக்கம்போல ஆத்தூர்ப் பக்கமிருந்து வரும் வண்டிகளுக்குத்தான் காத்திருக்க வேண்டும்.

உழவுக்கு ஐந்துக்கு நான்கு மதிப்பெண் தருவேன், நடவுக்கு ஒன்று. சம்பாவுக்கு வேண்டுவோர் ஆவணி பிறந்ததும் நேரில் சென்று ஓட்டுநரின் நோட்டில் பெயரையும், எந்த வாய்க்கால், எத்தனை மா என்பதையும் எழுதிவைப்பது நல்லது. கைப்பேசியில் அழைத்தால் அவர் எடுப்பதில்லை. டில்லர் சத்தத்தில் மணி கேட்காது.