புதிய ஸ்விஃப்ட்: முதல் ஆயிரம் கிலோமீட்டர்

2024 மே மாதம் அறிமுகமான நான்காம் தலைமுறை மாருதி சுசுகி ஸ்விஃப்டின் மேனுவல் கியர் வண்டியைச் சேலத்தில் வாங்கி, முதல் ஆயிரம் கிலோமீட்டரை முடித்திருக்கிறேன். தோற்றம், திரையின் அளவு, பின் இருக்கையின் இடவசதி ஆகியவற்றைப் பற்றி ஏற்கெனவே எல்லோரும் எழுதிவிட்டார்கள். ஆகவே, வாங்கிய புதிதில் இந்த வண்டியை மிதித்து ஓட்டலாமா, பொத்திப் பொத்தி ஓட்ட வேண்டுமா என்பதை மட்டுமே இங்கே பேசப்போகிறேன்.

சாவியைக் கொடுத்த ஊழியர், "முதல் சர்வீஸ் வரைக்கும் அறுபதைத் தாண்டாதீங்க சார்" என்றார். அன்று மாலையே எங்கள் தெருமுனைப் பட்டறை அண்ணன், "நல்லா இழுத்து ஓட்டுங்க தம்பி, அப்பத்தான் என்ஜின் ஃப்ரீ ஆகும்" என்றார். இரண்டிலும் பாதி உண்மை இருக்கிறது. மீதிப் பாதி, பெரும்பாலோர் டேஷ்போர்டு பெட்டிக்குள் போட்டு மறந்துவிடும் கையேட்டில் இருக்கிறது.

அந்தக் கையேடு வேகத்தைவிட ஓட்டும் முறையைப் பற்றியே அதிகம் பேசுகிறது. முதல் 960 கிலோமீட்டருக்கு, ஸ்டார்ட் செய்தவுடன் என்ஜினை உறுமவிடக் கூடாது, ஒரே வேகத்தில் நெடுநேரம் போகக் கூடாது, ஆக்சிலரேட்டரை அடிவரை மிதித்துக் கிளம்பக் கூடாது, மேல் கியரில் மெதுவாக ஊர்ந்து செல்லக் கூடாது என்கிறது. முதல் 320 கிலோமீட்டருக்குப் பிரேக்கை ஓங்கி மிதிப்பதையும் தவிர்க்கச் சொல்கிறது. இவற்றில் நம்மவர்கள் கண்டுகொள்ளாதது அந்த மேல் கியர் விஷயம்தான். புது வண்டியாயிற்றே என்று பரிதாபப்பட்டு, முப்பது கிலோமீட்டர் வேகத்தில் ஐந்தாவது கியரில் திணறத் திணற ஓட்டுபவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். வண்டியைப் பேணுவதாக நினைத்துக்கொண்டு அதை வதைக்கிறார்கள்.

சிலிண்டரின் உட்சுவரில் ஆயில் தங்குவதற்காகக் குறுக்கும் நெடுக்குமாக நுண்ணிய கீறல்களைத் தொழிற்சாலையிலேயே போட்டுவிடுவார்கள். சிலிண்டருக்குள் மேலும் கீழும் ஓடும் பிஸ்டனைச் சுற்றியுள்ள உலோக வளையங்களான பிஸ்டன் ரிங்குகள் அந்தச் சுவரில் உரசி உரசி, அதோடு பொருந்தி உட்கார வேண்டும். ரிங்கைச் சுவரோடு சேர்த்து அழுத்துவதில் அதன் சொந்த விறைப்புக்கு மட்டுமன்றி, எரிபொருள் எரியும்போது உண்டாகி ரிங்கின் பின்புறம் புகும் வாயுவின் அழுத்தத்துக்கும் பங்கு உண்டு. அதனால் சுமையே கொடுக்காமல் தடவித் தடவி ஓட்டினால் ரிங் சரியாக உட்காராது, சுவர் வழவழத்துப்போய் ஆயில் மேலேறி எரியத் தொடங்கும் என்ற பட்டறை அண்ணனின் வாதம் அடிப்படையில் சரியானதே. ஆனால் சுமை வேறு, சுழற்சி வேறு. சுழற்சியை ஆர்.பி.எம்., அதாவது என்ஜின் நிமிடத்துக்கு எத்தனை முறை சுற்றுகிறது என்பதால் அளக்கிறார்கள். 2500 ஆர்.பி.எம்.மில் ஏற்றம் ஏறுவது சுமை. தட்டையான சாலையில் 5500 வரை அலறவிடுவது வெறும் சூடு. அதிவேகத்துக்கென்றே செய்யப்படும் பி.எம்.டபிள்யூ. எம் வகைக் கார்களுக்குக்கூட, முதல் 2000 கிலோமீட்டர் வரை 5500 ஆர்.பி.எம்.மையும் 170 கிலோமீட்டர் வேகத்தையும் தாண்ட வேண்டாம் என்றுதான் அந்த நிறுவனம் சொல்கிறது.

ஓடோமீட்டர் 420ஐத் தொட்ட பிறகு, நான்கு பேருடன் ஏற்காடு ஏறினேன். முதலில் நகருக்குள் கால் மணி நேரம் நிதானமாக ஓட்டினேன். குளிர்விப்பு நீர் சூடாகிவிட்டதென்று காட்டிய பிறகும் ஆயில் சூடாவதற்குச் சற்று நேரம் பிடிக்கும். இந்த 1197 சி.சி. மூன்று சிலிண்டர் என்ஜினின் உச்ச இழுவையான 112 நியூட்டன் மீட்டர் 4300 ஆர்.பி.எம்.மில்தான் கிடைக்கிறது. ஆகவே மலையில் கால் தானாகவே அழுத்தப் பார்க்கும். நான் இரண்டாவது, மூன்றாவது கியர்களிலேயே மாறி மாறி, முள்ளை 3500க்குக் கீழே வைத்திருந்தேன். இருபது கொண்டை ஊசி வளைவுகளுக்கும் அதுவே போதுமானதாக இருந்தது. ஒரு வளைவில் இறங்கி வந்த பேருந்து முழுச் சாலையையும் எடுத்துக்கொள்ள, ஏற்றத்தின் நடுவிலேயே நிறுத்த வேண்டியதாயிற்று. பிரேக்கிலிருந்து காலை எடுத்த பிறகும் ஹில் ஹோல்டு ஓரிரு நொடிகள் வண்டியைப் பிடித்துவைத்ததால், என்ஜினை அலறவிடாமலும் கிளட்சைத் தேய்க்காமலும் கிளம்ப முடிந்தது. எல்லா வகைகளிலும் இந்த வசதியைக் கொடுத்திருப்பது, புதிய கிளட்சுக்குச் செய்த பெரிய உதவி. இறங்கும்போது இரண்டாவது கியரின் பிடிமானத்திலேயே வந்தேன். புதிய பிரேக் பேடுகளுக்கு வேலை குறைந்தது.

நெடுஞ்சாலைதான் சலிப்பூட்டியது. தர்மபுரிக்குப் போய்வந்த நாளில், வேகத்தை எழுபதுக்கும் தொண்ணூற்றைந்துக்கும் இடையே ஏற்றி இறக்கிக்கொண்டே இருந்தேன், பக்கத்து இருக்கையிலிருந்த என் மனைவி, "தூக்கம் வருதா?" என்று இரண்டு முறை கேட்டார். ஒரே வேகத்தைத் தானாகவே பிடித்துவைக்கும், உயர் வகைகளில் கிடைக்கும் க்ரூஸ் கண்ட்ரோலை முதல் ஆயிரம் கிலோமீட்டருக்குத் தொடவே வேண்டாம்.

என் மைத்துனர் வேறொரு நிறுவனத்தின் புதுக் காரை, காலையில் ஸ்டார்ட் செய்த அடுத்த நிமிடமே சீறவிட்டு ஓட்டிப் பழக்கியவர். இரண்டே ஆண்டுகளில் இரண்டு சர்வீஸ்களுக்கு நடுவே அரை லிட்டர் ஆயில் ஊற்ற வேண்டிய நிலை வந்தது. அவர் ஓட்டிய விதம்தான் காரணமென்று என்னால் நிரூபிக்க முடியாது. அவரும் ஒப்புக்கொள்ள மாட்டார்.

மைலேஜைப் பொறுத்தவரை, மேனுவல் வகைக்கு லிட்டருக்கு 24.8 கிலோமீட்டர் என்பது சான்றளிக்கப்பட்ட அளவு. என் திரை முதல் முந்நூறு கிலோமீட்டருக்குப் பதினாறு காட்டியது, இப்போது இருபதை ஒட்டி நிற்கிறது. இதில் என்ஜின் பழகியது எவ்வளவு, என் கால் பழகியது எவ்வளவு என்று பிரிப்பது கடினம். நின்றிருக்கும்போது மூன்று சிலிண்டருக்கே உரிய மெல்லிய அதிர்வு ஆயிரம் கிலோமீட்டருக்குப் பிறகும் அப்படியேதான் இருக்கிறது, ஓட ஓடச் சரியாகிவிடும் என்று காத்திருக்க வேண்டாம்.

முதல் சர்வீஸ் முடிந்த மறுநாள், ஓமலூர் சாலையில் மூன்றாவது கியரில் முதல்முறையாக 5000 வரை விட்டுப் பார்த்தேன். 4000க்கு மேல் சத்தம் கரகரக்கிறது, இழுவையோ சீராக ஏறுகிறது. பட்டறை அண்ணனிடம் காட்டியபோது, பானெட்டைத் திறந்து ஆயில் குச்சியை உருவித் துடைத்து, அளவு குறையவில்லை என்று பார்த்துவிட்டு, "நான் சொன்ன மாதிரிதானே ஓட்டினீங்க?" என்றார். நான் மறுக்கவில்லை.