மண்தொட்டியா, பிளாஸ்டிக்கா, துணிப்பையா? காய்கறிச் செடிக்கு எது தோது

தொட்டி வாங்கும்போது அளவையும் அழகையும் பார்க்கிறோம். அதற்கு முன் பார்க்க வேண்டியது, தண்ணீர் ஊற்றப்போகிறவரின் பழக்கம். தினமும் தவறாமல் ஊற்றுபவரா, ஞாபகம் வந்தால் ஊற்றுபவரா, மண் ஈரமாக இருந்தாலும் ஊற்றாமல் மனசு ஆறாதவரா? இந்த மூவருக்கும் ஒரே தொட்டி ஒத்துவராது.

கை தாராளம் உள்ளவருக்கு மண்தொட்டி. சுவரின் நுண்துளைகள் வழியே நீர் கசிந்து ஆவியாவதால் வேர் குளிர்ச்சியாக இருக்கும், கூடுதல் ஈரமும் வெளியேறிவிடும். அதே காரணத்தால் சின்ன மண்தொட்டி, வெயில் நாளில் காலையில் ஊற்றியதை மாலைக்குள் இழந்துவிடும். புதுத்தொட்டியை ஓர் இரவு தண்ணீரில் ஊறப்போட்ட பிறகே மண் நிரப்புங்கள். இல்லாவிட்டால் செடிக்கு ஊற்றுவதைத் தொட்டியே குடித்துவிடும். வெளிச்சுவரில் வெள்ளை பூத்திருந்தால் அது உரத்திலோ தண்ணீரிலோ உள்ள உப்பு. நல்ல தண்ணீரைத் தாராளமாக மெதுவாக ஊற்றி, அடியில் வடியவிட்டால் மண்ணில் சேர்ந்த உப்பு குறையும்.

மறதிக்காரருக்குப் பிளாஸ்டிக். ஈரம் வெகுநேரம் நிற்கும். ஆபத்தும் அங்கேதான். கடையில் வரும் தொட்டிகளில் துளை போதாது. அடியில் சுண்டுவிரல் நுழையும் அளவில் ஐந்தாறு துளை போட்டு, செங்கல் துண்டுகள் மேல் தூக்கி வையுங்கள். தரையோடு ஒட்டி இருந்தால் துளை இருந்தும் பயனில்லை. மேல்மண் காய்ந்து தெரிந்தாலும் அடி சொதசொதவென்று இருக்கலாம், ஆகவே இரண்டு அங்குலம் விரலை விட்டுப் பார்த்துதான் ஊற்ற வேண்டும். மண் ஈரமாக இருக்கும்போதே செடி வாடினால் அது பெரும்பாலும் வேரழுகல். அதைத் தாகம் என்று நினைத்து இன்னும் ஊற்றுவதுதான் பல செடிகளைக் கொல்கிறது. கறுப்புத் தொட்டியில் வெயில் படும் பக்கத்து வேர் சூட்டில் கருகும். வெளிர் நிறம் வாங்குங்கள்.

துணிப்பை, தினமும் ஊற்றுபவருக்கு மட்டும். கொடுத்துவைத்தவர் அவர், வேர் வளர்ச்சிக்கு மூன்றிலும் இதுதான் உயர்வு. பிளாஸ்டிக்கில் சுவரைத் தொட்ட வேர் வட்டமடித்துச் சுற்றிக்கொள்ளும். துணியில் காற்றுப்பட்ட வேர்நுனி காய்ந்து நின்று, பின்னால் கிளைவேர்கள் கிளம்பும். (குரோ பேக் என்று விற்கும் பிளாஸ்டிக் உறை இதுவல்ல, அது நடத்தையில் பிளாஸ்டிக் தொட்டிதான்.) குறை ஒன்று உண்டு: ஒரு முறை நன்றாகக் காய்ந்த கோகோபீட் (தென்னை நார்த்தூள்) கலவை நீரை எளிதில் ஏற்காது. ஊற்றியது பையின் ஓரமாக வழிந்து அடியில் கொட்டும். நடு மண் காய்ந்தே கிடக்கும். அப்போது அகலமான பாத்திரத்தில் இரண்டு அங்குல நீர் விட்டுப் பையை அரை மணி நேரம் உட்கார வையுங்கள். மேலே காய்ந்த இலைகளை இரண்டு அங்குலத்துக்கு மூடாக்காகப் போட்டால் இந்தச் சங்கடம் குறையும்.

தக்காளியின் அடிப்பகுதி கறுத்துக் குழிவதும் பெரும்பாலும் மண் இப்படிக் காய்வதும் நனைவதுமாக மாறிமாறி இருப்பதன் விளைவுதான். மண்ணில் சுண்ணாம்புச் சத்து இருந்தும், ஈரம் ஏறி இறங்குவதால் காய்க்குப் போய்ச் சேருவதில்லை. முட்டை ஓட்டுத்தூள் போட்டு உடனே பலன் எதிர்பார்க்க வேண்டாம், அது கரையவே மாதக்கணக்காகும்.

எந்த வகையானாலும் கொள்ளளவில் கஞ்சம் கூடாது. கீரைக்கு 6 அங்குல ஆழம் போதும். மிளகாய்க்கு 10 லிட்டர், தக்காளி, கத்தரிக்கு 15 முதல் 20 லிட்டர். 12 அங்குல விட்டமும் 12 அங்குல உயரமும் உள்ள பை விளிம்புவரை சுமார் 22 லிட்டர். மேலே இரண்டு அங்குலம் விட்டு நிரப்பினால் 18. ஒரு பைக்கு ஒரு தக்காளிதான், இரண்டு நட்டால் இரண்டும் சோப்ளாங்கி.

அடியில் ஜல்லி போடும் வழக்கத்தை மட்டும் விட்டுவிடலாம். நுண்ணிய மண்ணிலிருந்து பெரிய இடைவெளிகள் உள்ள ஜல்லிக்குள் நீர் எளிதில் இறங்காது. ஜல்லிக்கு மேலேயே தேங்கி, ஈரப்பகுதி வேரை நோக்கி உயரும். துளையை மறைக்க ஒரு வலைத்துண்டு போதும்.

எலுமிச்சை, கொய்யாவுக்கு இந்தக் கணக்கு மாறும். பல வருடம் நிற்கும் மரத்தைத் துணிப்பையில் வைத்தால் நகர்த்தும்போது கிழியும். அந்த அளவு மண்தொட்டியை அசைக்கவே முடியாது. உணவுப்பொருள் வந்த 200 லிட்டர் பிளாஸ்டிக் டிரம்மை இரண்டாக வெட்டி, அடியிலும் பக்கத்தில் தாழ்வாகவும் துளை போட்டு வையுங்கள். ரசாயனம் வந்த டிரம் வேண்டவே வேண்டாம்.