கூட்ஸ் வேகன்களுக்கு வயசு ஏற்றுவது: ஆறு வருஷத்தில் எது நின்றது, எது உதிர்ந்தது

ஆறு வருஷத்தில் நாற்பது மாடல் ரயில் வேகன்களுக்கு மேல், நிஜ வேகன் போல அழுக்கும் துருவும் ஏற்றிப் பழசாக்கிவிட்டேன். எல்லாம் நிஜத்தில் 87இல் ஒரு பங்கு அளவு, மாடல்காரர்கள் எச்ஓ என்பது. என் மாடல் பாதை ஓடுவது 1955ஆம் வருஷத்து அமெரிக்காவில். நீராவி எஞ்சினும் டீசலும் ஒரே யார்டில் நின்ற காலம் அது.

பிக்மென்ட் பவுடர், அதாவது நுண்ணிய நிறப்பொடி, போட்ட அன்றைக்கு இருக்கிற அழகு வேறு எதிலும் வராது. ஆனால் மேலே எதுவும் அடிக்காமல் விட்ட வேகன்களில், ஒரு வருஷத்துக்குள் நான் பிடித்துத் தூக்குகிற இடமெல்லாம் விரல் தடம். காப்பாற்றலாம் என்று மேட் வார்னிஷ் (பளபளப்பில்லாதது) அடித்தால் பாதிப் பவுடர் கண்ணுக்கே தெரியாமல் போய்விடும். அதனால் இப்போது பவுடர், மெல்லிய வார்னிஷ், மறுபடி பவுடர் என்று இரண்டு மூன்று சுற்று போடுகிறேன். கை படாத போகிகளில், அதாவது வேகனுக்கு அடியில் சக்கரங்களைத் தாங்கும் சட்டங்களில், மட்டும் வார்னிஷ் கிடையாது.

ஐசோப்ரொபைல் ஆல்கஹாலில் சில சொட்டு இந்தியன் இங்க் என்கிற கறுப்பு மை கலந்து பூசினால் பலகை இடுக்கிலும் ரிவெட்டைச் சுற்றியும் தானே போய் நிற்கும். ஒருமுறை வார்னிஷ் காய்ந்த பாக்ஸ்காரின் (கூரையுள்ள மூடிய சரக்கு வேகன்) மேல் அதைத் தடவிவிட்டுப் படுத்தேன். காலையில் பார்த்தால் பக்கம் முழுக்க வெள்ளை பூத்திருந்தது. நெஞ்சு பதறிப்போனது. ஆல்கஹால் பட்டதில் வார்னிஷ் வெளுத்திருக்கிறது. இன்னொரு கோட் வார்னிஷ் அடித்ததும் நல்லவேளையாக மறைந்தது. அன்றிலிருந்து இங்க் முதலில், வார்னிஷ் பிறகுதான்.

துருவுக்கு ஆயில் பெயின்டை மிஞ்ச ஒன்றுமில்லை. ரிவெட்டுக்குக் கீழே குண்டூசித் தலை அளவு பர்ன்ட் அம்பர் என்கிற அடர் பழுப்பு வைத்து, பத்து நிமிஷம் விட்டு, ஒயிட் ஸ்பிரிட்டில் நனைத்துப் பிழிந்த தட்டைப் பிரஷ்ஷால் மேலிருந்து கீழே ஒரே இழுப்பு. பிடிக்காவிட்டால் துடைத்துவிட்டு மறுபடி வைக்கலாம். முதல் வருஷம் இழுத்த கோடுகள் இன்றும் அப்படியே இருக்கின்றன.

ஆனால் எனக்கு அதிக நாள் எடுத்தது பெயின்ட் வேலை இல்லை. எது எங்கே அழுக்காகும் என்று தெரிந்துகொள்வதுதான். ஆரம்பத்தில் பாக்ஸ்கார் கூரைகளையெல்லாம் ஆரஞ்சுத் துருவாக்கி வைத்திருந்தேன். அந்தக் காலத்துக் கலர் போட்டோக்களைப் பார்த்தபோதுதான் தெரிந்தது, பல கூரைகள் கால்வனைஸ் தகடு. பெயின்ட் திட்டுத்திட்டாக உரிந்து வெளிர் சாம்பல் தெரிகிறது, அதன்மேல் எஞ்சின் கரி படிந்திருக்கிறது. துரு குறைவு. பன்னிரண்டு கூரைகளைத் திரும்பச் செய்தேன்.

சக்கரத்திலும் இதே தப்பு. ரோலர் பேரிங் போகியில்தான் சக்கர முகப்பு துருவேறி நிற்கும். 1955இல் பெரும்பாலான சரக்கு வேகன்களில் எண்ணெய் ஊற்றும் பழைய பேரிங். அந்த எண்ணெய் கசிந்து சக்கரத்தில் கறுப்புப் பிசுக்காகப் புழுதியோடு ஒட்டியிருக்கும். தண்டவாளத்தில் உருளும் பகுதியில் மட்டும் ஒரு பொட்டு பெயின்ட் இருக்கக் கூடாது. பாதை முழுக்க அழுக்கை இழுத்துக்கொண்டு போகும்.

எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம், வேகனின் பக்கத்தில் அதன் எடை எழுதியிருக்கும் எடைக் கட்டம். வேகனை மறுபடி எடை போட்டால் பழைய எண்ணைப் புதுப் பெயின்டால் மறைத்து, புது எடையும் தேதியும் அச்சிடுவார்கள். அழுக்கேற்றும் முன் அந்த இடத்தில் சின்னதாக மாஸ்கிங் டேப் ஒட்டிவிட்டு, எல்லாம் முடிந்ததும் உரித்தால் போதும். கரியேறிய பக்கத்தில் ஒரு சின்னக் கட்டம் மட்டும் பளிச்சென்று நிற்கும். தேதி 1955ஐத் தாண்டக் கூடாது.

ஒரே ரயிலில் எல்லா வேகனும் ஒரே அளவு அழுக்காக இருந்தால் பொய்யாகத் தெரிகிறது. 1953இல் கட்டியதற்கு அடியில் கொஞ்சம் புழுதி போதும். 1920களில் வந்ததில் எழுத்தே பாதிதான் தெரிய வேண்டும்.

இப்போது மேசையில் மூன்று நிலக்கரி ஹாப்பர்கள், அதாவது அடிவழியாகக் கொட்டும் திறந்த வேகன்கள். உள்பக்கம் கரி உரசி உரசிப் பெயின்ட் போய் வெறும் இரும்பான தோற்றம் வர வேண்டும். துரு நிறத்தின் மேல் பென்சில் கிராஃபைட்டைத் தேய்த்துப் பார்த்தேன். முதல் ஹாப்பரில் சரியாக வந்திருக்கிறது.