அலைச்சறுக்கு தனி வகுப்பு: கூடுதல் கட்டணம் எதற்குத் தகும்?

வெப்பமண்டலக் கடற்கரைகளுக்கு விடுமுறைக்கு வருகிறவர்களுக்காக சர்ஃபிங் (அலைச்சறுக்கு) பள்ளிகள் இரண்டு வகை வகுப்பு வைத்திருக்கின்றன. குழு வகுப்பில் ஒரு பயிற்சியாளருக்கு நான்கு முதல் எட்டுப் பேர் இருப்பார்கள். தனி வகுப்பில் நீங்களும் பயிற்சியாளரும் மட்டும்தான். தனி வகுப்புக்குக் கட்டணம் எங்குமே கணிசமாகக் கூடுதல். அது தகுமா என்றால், தகும் என்பதே எங்கள் தீர்ப்பு. ஆனால் ‘முதல் நாளே எழுந்து நின்றுவிடலாம்’ என்று விளம்பரத்தில் போடுகிறார்களே, அதற்காக அல்ல.

எழுந்து நிற்பது அத்தனை பெரிய விஷயமில்லை. முழங்கால் உயர நுரையலை (உடைந்து நுரையாக வரும் அலை), எட்டடிப் பஞ்சு (ஃபோம்) பலகை, பின்னால் தள்ளிவிட ஓர் ஆள் என்று மூன்றும் இருந்தால், ஓரளவு உடல்திறன் உள்ளவர் குழு வகுப்பிலும் முதல் நாளே சில விநாடி நின்றுவிடுவார். புதியவருக்குக் கைவராதது அலையைப் பார்ப்பது. வருகிற நாலு அலையில் எதை விடுவது, எதை எடுப்பது, எந்த நொடியில் கையால் துழாவத் தொடங்குவது என்பது அவருக்குத் தெரியாது. அதைப் பயிற்சியாளரின் கண்தான் அவருக்காகச் செய்கிறது. அந்தக் கண்ணைக் கொஞ்சமாவது உங்களுக்குக் கைமாற்றித் தருகிறாரா என்பதை வைத்துத்தான் ஒரு தனி வகுப்பை மதிப்பிட வேண்டும்.

முதலில் கணக்கைப் பார்ப்போம். 90 நிமிட வகுப்பில் மணலில் 20 நிமிடமும், மூச்சு வாங்க 10 நிமிடமும் போனால், தண்ணீரில் ஒரு மணி நேரம் மிஞ்சும். ஓர் அலையில் கரை வரை போய், பலகையைத் திருப்பி, இடுப்பளவுத் தண்ணீரில் நடந்து மறுபடி இடத்துக்கு வர இரண்டு மூன்று நிமிடம் ஆகும். ஆக, தனி வகுப்பில் 20 அலைக்குக் குறையாமல் கிடைக்க வேண்டும். ஆறு பேர் குழுவில், ஒருவரைத் தள்ளிவிட ஒரு நிமிடம் என்று வைத்தாலும் உங்கள் முறை வர ஆறு நிமிடம். மொத்தம் பத்து அலை. ஒவ்வோர் அலைக்குப் பிறகும் ‘என்ன தப்பு’ என்று உடனே சொல்ல ஆள் இருப்பதும் இல்லாததும் இந்த எண்ணிக்கையைவிடப் பெரிய வித்தியாசம்.

இங்கே ஓர் எச்சரிக்கை. குழுவில் காத்திருக்கும் நேரம் உங்களுக்கு ஓய்வு. தனி வகுப்பில் அது கிடையாது. மேசை வேலை பார்க்கிற உடம்புக்கு 45, 50 நிமிடத்தில் தோள் ஓய்ந்துவிடும். கழுத்து தூக்காது. அதற்குப் பிறகு வருகிற அலைகள் எல்லாம் வீண். அதனால் ‘இரண்டு மணி நேரத் தனி வகுப்பு’ வாங்காதீர்கள். 60 முதல் 75 நிமிடம் போதும். அதே காசுக்கு அடுத்தடுத்த இரண்டு நாள் ஒவ்வொரு மணி நேரமாகப் பிரித்துக் கேளுங்கள். முதல் நாள் உடம்பு குழம்பிக் கற்றது இரண்டாம் நாள் தானாக வரும்.

இடமும் நேரமும் பயிற்சியாளரைவிட முக்கியம் என்றுகூடச் சொல்லலாம். மணல் அடித்தளம், மெதுவாகச் சரிந்து உடைகிற அலை, முழங்காலிலிருந்து இடுப்பு வரை உயரம்: முதல் வகுப்புக்கு வேண்டியது இதுதான். இலங்கையின் வெலிகம விரிகுடா புதியவர்களுக்குப் பேர்போனதற்குக் காரணம் அந்த மணல் தரைதான். ஹவாயின் வைகிகியில் அடியில் பாறையும் பவளமும் உண்டு. ஆனால் அலை நீளமாக, சோம்பலாக உருள்வதால் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கம் முதலே வெளியூர்க்காரர்களுக்கு அங்கே சொல்லிக்கொடுத்து வருகிறார்கள். பவளத்திட்டு மீது வகுப்பு என்றால், கடல் வற்றிய நேரத்தில் நடத்துகிறார்களா என்று கேளுங்கள். வற்றத்தில் பவளத்துக்கு மேல் முழங்கால் அளவுத் தண்ணீர்கூட இருக்காது. அந்த நேரத்தைத் தவிர்க்கிற பள்ளி நல்ல பள்ளி.

பருவத்தையும் பாருங்கள். வெலிகம இருக்கும் இலங்கையின் தென்கரைக்கு நவம்பர் முதல் ஏப்ரல் வரை. கிழக்கே அறுகம் குடாவுக்கு மே முதல் செப்டம்பர் வரை. ஒரே தீவில் ஆறு மாதம் இந்தக் கரை, ஆறு மாதம் அந்தக் கரை. நாளுக்குள்ளும் இதே கதைதான். காலை ஆறு முதல் ஒன்பது மணி வரை தரைக்காற்றோ காற்றில்லாத நிலையோ இருப்பதால் கடல் வழுவழுப்பாக இருக்கும். வெயில் ஏறியதும் கடல்காற்று எழுந்து அலையை நொறுக்கிக் குழப்பிவிடும். மதிய வகுப்புக்குத் தள்ளுபடி தருவது இதனால்தான்.

அலை உயரத்தை மட்டும் கேட்டு முடிவு செய்யக் கூடாது. இரண்டு அலைகளுக்கு நடுவே எத்தனை விநாடி என்பதும் வேண்டும். இரண்டடி அலை ஏழு விநாடி இடைவெளியில் வந்தால் விளையாட்டு. அதே இரண்டடி 14 விநாடி இடைவெளியில் வந்தால் ஆளைப் புரட்டும். இந்தக் கேள்விக்கு யோசிக்காமல் எண்ணைச் சொல்கிற பயிற்சியாளர் அன்று காலை கடலைப் பார்த்துவிட்டு வந்திருக்கிறார் என்று அர்த்தம்.

பலகை விஷயத்தில் சமரசமே வேண்டாம். மேல்பரப்பு மென்மையான பஞ்சுப் பலகை, எட்டு முதல் ஒன்பது அடி நீளம், 22 அங்குலத்துக்கு மேல் அகலம், மூன்று அங்குலத்தை ஒட்டிய கனம். கொள்ளளவு லிட்டரில் சொல்வார்கள். உங்கள் எடை எத்தனை கிலோவோ அதைவிடக் கூடுதல் லிட்டர் இருக்க வேண்டும். 70 கிலோ ஆளுக்கு 80, 85 லிட்டர் சரியாக இருக்கும். அடியில் உள்ள துடுப்புகள் வளைகிற பிளாஸ்டிக்காக இருப்பது நல்லது. ‘நீங்க ஒல்லியா இருக்கீங்க, ஆறரை அடி போதும்’ என்று சொல்லிக் கண்ணாடியிழைப் பலகையை நீட்டினால் அந்த இடத்தை விட்டு வந்துவிடுங்கள். பலகையைக் காலோடு இணைக்கும் கயிறான லீஷ், பலகையின் நீளம் இருக்க வேண்டும். நின்றால் பின்னால் வருகிற காலின் கணுக்காலில், கயிறு வெளிப்பக்கம் பார்க்கும்படி கட்ட வேண்டும். உள்பக்கம் திரும்பினால் இன்னொரு காலில் சுற்றிக்கொள்ளும்.

மணலில் நடக்கும் 20 நிமிடத்தைப் பலர் சடங்கு போல முடித்துவிடுகிறார்கள். நல்ல பயிற்சியாளர் இங்கேதான் தெரிவார். முதலில் எந்தக் கால் முன்னால் என்று பார்ப்பார்: பின்னாலிருந்து லேசாகத் தள்ளினால் தன்னிச்சையாக முன்னே வைக்கிற கால்தான் பெரும்பாலும் முன்கால். பிறகு படுக்க வைப்பார். கால் விரல் பலகையின் வால்முனையைத் தொட்டபடி, உடல் நடுக்கோட்டில், நெஞ்சு மட்டும் சற்றே உயர்ந்து. உள்ளங்கை இரண்டும் விலா எலும்பை ஒட்டிப் பலகையின் மேல் தட்டையாக. இந்தக் கை விஷயத்தில்தான் பலர் தவறுகிறார்கள்: பயத்தில் பலகையின் இரு விளிம்பையும் பிடித்துக்கொள்வார்கள். விளிம்பைப் பிடித்துத் தள்ளினால் எந்தக் கையில் பலம் அதிகமோ அந்தப் பக்கம் பலகை கவிழும். உள்ளங்கை தட்டையாக இருந்தால் பலம் கீழ்நோக்கிச் சமமாக இறங்கும், முன்கால் உள்ளே வர இடமும் கிடைக்கும்.

எழுவதற்கு அவசரம் வேண்டாம். கையை ஊன்றி நெஞ்சைத் தூக்கு, பின்காலைக் குறுக்காக வை, முன்காலை இரு கைக்கும் நடுவே கொண்டுவா, அதன் பிறகே கையை விடு. முட்டி போட்டு எழுவதைச் சிலர் எளிது என்று சொல்லிக்கொடுக்கிறார்கள். அன்றைக்கு எளிதுதான், அதற்குப் பிறகு அந்தப் பழக்கத்தை விடுவதற்கே பல வகுப்பு போகும். மூட்டுவலி உள்ளவர்களுக்கு மட்டும் அது நியாயம்.

தண்ணீரில் என்ன பிழைக்கு என்ன காரணம் என்பது அனேகமாக மாறாது. பலகையின் மூக்கு தண்ணீரில் குத்தினால் நீங்கள் அதிகம் முன்னால் படுத்திருக்கிறீர்கள். ஒரு சாண் பின்னால் நகருங்கள். படுத்திருக்கும்போது மூக்கு தண்ணீருக்கு மேல் மூன்று நான்கு விரல் உயரம் நிற்பதே அளவு. அலை வந்தும் பலகை ஓடாமல் நின்றுபோனால் அதிகம் பின்னால் இருக்கிறீர்கள், அல்லது சீக்கிரம் துழாவலை நிறுத்திவிட்டீர்கள். அலை பலகையைத் தூக்குகிற உணர்வு வந்ததும் ‘கிடைத்துவிட்டது’ என்று எழுகிறவர்களே அதிகம். அதற்கு மேலும் இரண்டு மூன்று முறை அழுத்தித் துழாவ வேண்டும். எழுந்ததும் பக்கவாட்டில் விழுந்தால் காலைப் பார்த்திருப்பீர்கள். தலை போகிற பக்கம் உடம்பும் போகும், கண் கரையில் இருக்கட்டும். முழங்காலை மடக்காமல் நிமிர்ந்து நின்றால் பின்பக்கமாக உட்கார்ந்து விழுவீர்கள்.

இதெல்லாம் ஒரே சமயத்தில் சொல்கிற பயிற்சியாளர் சரியில்லை. ஓர் அலைக்கு ஒரு திருத்தம்தான் மூளையில் ஏறும். ‘இந்த அலையில் கை மட்டும் பார்’ என்று சொல்லி மற்ற தப்புகளைக் கண்டுகொள்ளாமல் விடுகிறவரிடம் விரைவாகக் கற்கலாம்.

இனி வகுப்பின் கடைசி 20 நிமிடம். அதுவரை அலையைத் தேர்ந்ததும் தள்ளியதும் பயிற்சியாளர். இப்போது அவர் பலகையின் வாலிலிருந்து கையை எடுத்துவிட வேண்டும். கடலைப் பார்க்கத் திருப்பி நிறுத்தி, ‘அடுத்து வருவதில் எது நல்ல அலை, காட்டுங்கள்’ என்று கேட்க வேண்டும். நீங்கள் காட்டுவது தப்பாக இருந்தாலும் எடுக்க விட்டு, ஏன் ஓடவில்லை என்று விளக்க வேண்டும். ஏற்கெனவே உடைந்து நுரையாக வருவது, இன்னும் எழும்பாமல் மேடாக மட்டும் வருவது, நேர்ச்சுவராக நின்று கவிழப்போவது என்ற மூன்றையும் பிரித்தறியத் தெரிந்துவிட்டால் கட்டணம் முழுக்க வசூலாகிவிட்டது. பல பள்ளிகளில் இது நடப்பதில்லை. கடைசி அலை வரை தள்ளிவிடுகிறார்கள், சில இடங்களில் பயிற்சியாளர் வாலைப் பிடித்துக்கொண்டே கூட வருகிறார், கரையில் ஒருவர் படம் எடுக்கிறார். படம் அழகாக இருக்கும். மறுநாள் தனியாகப் பலகை எடுத்துப் போனால் ஓர் அலைகூட அகப்படாது. எனவே பதிவு செய்யும்போதே சொல்லிவிடுங்கள்: ‘கடைசிப் பகுதியில் நானே துழாவி எடுக்க வேண்டும்.’ சங்கடப்படாமல் சம்மதிக்கிறவரிடம் போங்கள். சொல்லிக்கொடுப்பவர் யார் என்பதையும் அப்போதே உறுதி செய்யுங்கள். அனுபவசாலி பேசிவிட்டு உதவியாளரை அனுப்புவது தனி வகுப்பிலும் உண்டு. பன்னாட்டு சர்ஃபிங் சங்கமான ஐ.எஸ்.ஏ.வின் முதல்நிலைச் சான்றிதழும், கடல் மீட்பு, முதலுதவிப் பயிற்சியும் இருக்கிறதா என்று கேட்பதில் தவறே இல்லை.

பாதுகாப்பில் நான்கைந்து விஷயங்கள் தண்ணீரில் இறங்கும் முன்பே சொல்லப்பட்டிருக்க வேண்டும். உங்களுக்கும் வருகிற அலைக்கும் நடுவே பலகை குறுக்கே வரக் கூடாது. அலை அதை உங்கள் வாயில் அடிக்கும். பலகையைப் பக்கவாட்டில், மூக்கு அலையைப் பார்க்கும்படி வைத்து நடங்கள். விழும்போது தலைகீழாகப் பாயாமல் பக்கவாட்டிலோ முதுகுப்பக்கமாகவோ தட்டையாக விழுங்கள். ஆழமில்லாத தண்ணீரில் கழுத்து முறிவது பாய்கிறவர்களுக்குத்தான். மேலே வரும்போது இரு கையாலும் தலையை மூடிக்கொண்டு வாருங்கள். லீஷைக் கையில் சுற்றாதீர்கள், விரல் போகும். கடலுக்குள் இழுக்கும் நீரோட்டத்தில் மாட்டினால் பலகையை விடாமல் அதன் மேல் படுத்து, கரைக்கு இணையாக விலகுங்கள்.

அதிகம் பேசப்படாத ஓர் ஆபத்து உண்டு. முதுகை வளைத்துக்கொண்டு நெடுநேரம் குப்புறப் படுத்திருப்பதால், எங்கும் அடிபடாமலே தண்டுவடம் பாதிக்கப்படுகிற அபூர்வ நிலை. சர்ஃபர்ஸ் மைலோபதி என்ற பெயரில் 2004இல் ஹவாயிலிருந்து மருத்துவ உலகில் முதன்முதலாகப் பதிவானது. பாதிக்கப்பட்டவர்கள் பெரும்பாலும் முதல் வகுப்புக்காரர்கள். திடீர் முதுகுவலி, காலில் மரத்துப்போதல், பலம் குறைதல் தெரிந்தால் ‘இன்னும் ஓர் அலை’ என்று இருக்காமல் உடனே கரையேறி மருத்துவமனைக்குப் போக வேண்டும். அலைக்குக் காத்திருக்கும்போது படுத்தே கிடக்காமல் எழுந்து நிற்பதும் பலகையில் உட்காருவதும் இதற்காகவும்தான்.

உடுப்பு: உடம்போடு ஒட்டிய முழுக்கை ரேஷ் கார்டு (தோல் உரசாமல் காக்கும் நீச்சல் சட்டை), முழங்கால் தாண்டும் இறுக்கமான கால்சட்டை. பருத்திச் சட்டை தண்ணீர் குடித்துக் கனக்கும், மேலே சுருண்டுவிடும். பஞ்சுப் பலகை வயிற்றையும் முழங்கால் உட்புறத்தையும் தேய்த்துவிடும். மோதிரம், சங்கிலி, மூக்குக் கண்ணாடி எல்லாம் அறையிலேயே இருக்கட்டும். முகத்துக்குத் துத்தநாக ஆக்சைடு பூச்சு. ஆக்சிபென்சோன், ஆக்டினாக்சேட் என்ற வேதிப்பொருள்கள் கலந்த சன்ஸ்கிரீன் விற்பனையை ஹவாய் 2021 ஜனவரி 1 முதல் தடை செய்திருக்கிறது, பவளத்தைக் காக்க. பவளத்தில் கீறல் பட்டால் சிறியதென்று விடாமல் நல்ல தண்ணீரும் சோப்பும் போட்டு அன்றே நன்றாகக் கழுவ வேண்டும், அது சீழ் பிடிக்கிற காயம்.

குறைந்தது 50 மீட்டர் நிற்காமல் நீந்தத் தெரியாதவர்கள் இந்த வகுப்புக்கு முன் நீச்சல் வகுப்புக்குப் போகலாம். பயிற்சியாளர் பக்கத்திலேயே இருந்தாலும் பயத்தோடு இறங்குகிறவருக்கு எதுவும் ஏறாது.

வகுப்பு முடிந்த மறுநாள் பலகை வாடகைக்கு எடுப்பதானால் அதே நீளம், அதே வகை கேளுங்கள். ‘நேற்றே நின்றுவிட்டீர்களே, ஏழடி எடுங்கள்’ என்பார்கள், கேட்காதீர்கள். நுரையலையிலேயே நின்று, தள்ள ஆளில்லாமல் பத்து அலை தொடர்ந்து எடுக்க வந்த பிறகு, உடையாத அலையை நோக்கி இன்னும் பத்து மீட்டர் உள்ளே போகலாம்.