ஜவ்வாது மலையில் பால்வீதி காட்டும் சுற்றுலா: ஒரு மதிப்பீடு

சென்னையிலிருந்து ஜவ்வாது மலைக்கு வேனில் அழைத்துச் சென்று, ஓர் இரவு தங்கவைத்துப் பால்வீதியைக் காட்டுவதாக விளம்பரம் செய்யும் ஒரு சுற்றுலாவில், கடந்த பிப்ரவரி அமாவாசையை ஒட்டி நானும் என் மனைவியும் கலந்துகொண்டோம். இடத்தேர்வில் குறை சொல்வதற்கில்லை. 2.3 மீட்டர் தொலைநோக்கி கொண்ட வைணு பாப்பு வானாய்வகம் இதே மலையின் காவலூரில்தான் இருக்கிறது.

சிக்கல் விளம்பரப் படத்தில் தொடங்குகிறது. ஊதாவும் செம்மையுமாக வானைப் பிளந்து ஓடும் ஒளியாறு அது. இரவு ஒன்பது மணிக்கு நாங்கள் கண்டதோ, மனைவி மேகம் என்றே எண்ணிய, நிறமற்ற மெல்லிய வெண்பட்டை. கேமரா பல விநாடிகள் ஒளியைச் சேர்த்துக்கொள்கிறது. மங்கிய ஒளியில் நம் கண்ணுக்கு நிறம் பிரித்தறியும் திறன் கிடையாது. இதை முன்பணம் வாங்கும்போதே சொல்லியிருக்கலாம்.

பருவத்தேர்வும் தவறு. பால்வீதி என்னும் தட்டுப்போன்ற விண்மீன் திரளுக்குள்ளேயே நாம் இருப்பதால்தான் அது நமக்குப் பட்டையாகத் தெரிகிறது. சென்னையின் நெரிசல்மிக்க ரங்கநாதன் தெருவின் நடுவே நிற்பவருக்குத் தெருவின் நீளவாக்கில் தலைகளாகவும், அண்ணாந்தால் வெறும் வானமாகவும் தெரிவதைப் போன்றதுதான் இது. பிப்ரவரி முன்னிரவில் நாம் பார்ப்பது அந்தத் தெருவின் கூட்டம் குறைந்த வெளிக்கோடி. ஏறத்தாழ 26,000 ஒளியாண்டுகளுக்கு அப்பாலுள்ள மையப்பகுதி, தனுசு ராசியின் திசையில், பின்னிரவு இரண்டரை மணிக்கு மேல்தான் எழுகிறது. நிகழ்ச்சிநிரலோ பதினொரு மணிக்கே எல்லோரையும் கூடாரத்துக்கு அனுப்பிவிட்டது.

வழிகாட்டியாக வந்த இளைஞர்தான் இரவைக் காப்பாற்றினார். விருப்பமுள்ளவர்களை நாலரை மணிக்கு எழுப்பி, கண் இருளுக்குப் பழக அரைமணி நேரமாகும் என்று கைப்பேசிகளை அணைக்கச் செய்து, தென்கிழக்கில் பட்டை தடித்துப் புடைத்திருந்த இடத்தைக் காட்டினார். நடுவே தெரிந்த கரிய பிளவு வெற்றிடமன்று, பின்னுள்ள ஒளியை மறைக்கும் தூசுமேகங்கள் என்றார். ஏழு மடங்கு பெரிதாக்கிக் காட்டும் 7×50 பைனாகுலரில் அந்தப் பால்நிறம் எண்ணற்ற புள்ளிகளாக உடைந்தது. 1610இல் தம் தொலைநோக்கிக் கண்டுபிடிப்புகளை வெளியிட்ட கலிலியோவும் இதையே எழுதினார்.

உணவு சுமார், சாம்பாரைப் பற்றிப் பேசாமலிருப்பது நல்லது. சமையற்கூடத்தின் வெள்ளை விளக்கை அணைக்க மூன்று முறை கேட்க வேண்டியிருந்தது.

செல்ல விரும்புவோர் மே மாத அமாவாசையைக் கேட்டுப் பெறுங்கள். அப்போது நள்ளிரவுக்குள்ளாகவே மையப்பகுதி தென்கிழக்கில் ஏறிவிடும். நாங்களும் அந்த நாளுக்கே மீண்டும் பெயர் கொடுத்திருக்கிறோம், அந்த இளைஞர் வருவார் என்பதை உறுதிசெய்துகொண்டு.