இன்வோஸ் 5100சி: எண்ணைவிட இறக்கத்தைப் பாருங்கள்

வென்டிலேட்டரிலோ, இதயம் நுரையீரலின் வேலையை வெளியிலிருந்து செய்யும் எக்மோ இயந்திரத்திலோ இருக்கும் குழந்தைக்கு மயக்க மருந்தும் தசை தளர்த்தும் மருந்தும் ஓடும்போது, கூப்பிட்டோ கிள்ளியோ பார்த்து மூளையின் நிலை தெரியாது. மிஞ்சுவது கண்பாவை. அது மாறும்போது பெரும்பாலும் நேரம் கடந்திருக்கும். சேலத்தில் குழந்தைகள் ஐசியூவுக்கு, மூளையின் ஆக்சிஜன் அளவைக் காட்டும் இன்வோஸ் மானிட்டரை வாங்க யோசிப்பவர்கள் கவனிக்க வேண்டியவை சில.

நெற்றியின் இருபுறமும் சென்சார் ஒட்டினால் 730, 810 நானோமீட்டர் ஒளி உள்ளே போகும். 3, 4 செ.மீ. தள்ளியுள்ள இரு டிடெக்டர்கள் திரும்பி வரும் ஒளியை வாங்கும். கிட்டத்து டிடெக்டர் காட்டுவதைக் கழித்தால் தோல், எலும்பின் பங்கு போய் மூளைத் திசுவின் ஆக்சிஜன் அளவு கிடைக்கும். விரலில் மாட்டும் ஆக்சிமீட்டருக்கு நாடித் துடிப்பு வேண்டும், இதற்கு வேண்டாம். எக்மோ பம்ப் துடிப்பில்லாமல் ரத்தத்தைத் தள்ளும்போதும் எண் வரும். இதற்காகவே வாங்கலாம்.

பொதுவாக 60 முதல் 80 சதவீதம் வரை காட்டும். ஒட்டியதும் அடிப்படை அளவைப் பதிவு செய்யாவிட்டால் போட்ட பணம் பாதி வீண். அதிலிருந்து 20 சதவீதம் இறங்கினாலோ 50-க்குக் கீழே போனாலோ முதலில் சென்சாரையும் கழுத்துத் திருப்பத்தையும் பாருங்கள். பிறகு ரத்த அழுத்தம், ஹீமோகுளோபின், கார்பன் டை ஆக்சைடு. வென்டிலேட்டர் வேகம் கூடி கார்பன் டை ஆக்சைடு குறைந்தால் மூளை ரத்தக் குழாய்கள் சுருங்கி எண் சரியும். அப்போது ஆக்சிஜனை மட்டும் கூட்டிக்கொண்டு நிற்பது தப்பு. எக்மோ குழாய் வலது கழுத்துத் தமனியில் போயிருந்தால் வலப்பக்கம் தனியாக இறங்கலாம். எனவே இரண்டு சென்சாரும் கட்டாயம். ஒன்றை மிச்சம் பிடிப்பது கஞ்சத்தனம்.

நம்ம ஊர்ச் சிக்கல் நெற்றியில் இருக்கிறது: திருஷ்டி மை, விபூதி, எண்ணெய். மையின் கரி ஒளியை விழுங்கும். எண்ணெய் பட்டால் ஓரம் தூக்கி அறை வெளிச்சம் நுழையும். ஸ்பிரிட் பஞ்சால் துடைத்து, நன்றாகக் காய்ந்த பிறகே ஒட்ட வேண்டும். ஏற்காட்டின் 20 கொண்டை ஊசி வளைவுகளையும் இறங்கி வரும் குழந்தைக்கு அவசரத்தில் விட்டுப்போவது இந்த ஒரு நிமிட வேலைதான். உரித்து மறுபடி ஒட்டினால் பசை பிடிக்காது. மஞ்சள் காமாலை முற்றிய குழந்தைக்கு எண் பொய்யாகக் குறைந்து தெரியும்.

பார்வை நெற்றிப் பக்கத்தோடு சரி. பின்மூளையில் ரத்தம் கசிந்தால் தெரியாது. கை கால் அசையாமல் ஓடும் வலிப்பையும் நம்பிச் சொல்லாது; அதற்கு மூளையின் மின்னலைகளைப் பதியும் இஇஜி வேண்டும். எக்மோவில் ரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெப்பாரின் ஓடுவதால் இஇஜிக்கு ஊசி எலக்ட்ரோடு வேண்டாம், தட்டு எலக்ட்ரோடு போதும்.

ஒன்றுக்குத்தான் பணம் என்றால் முதலில் இஇஜி. எக்மோ போடும் இடமென்றால் இரண்டும் வேண்டும். மானிட்டருக்கு ஆர்டர் போடும் முன் 40 கிலோவுக்குக் கீழான குழந்தைகளுக்கான சென்சார் கையிருப்பில் எத்தனை என்று டீலரிடம் கேளுங்கள். குழந்தைக்குக் குழந்தை புதிது பிரிக்க வேண்டும்.